வாசலோரப் பாய்

என் மாமியாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் ஜோயல் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பற்றி எழுதினால் அது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகும் என்று நினைத்தாரோ என்னவோ. அவரைப் பாராட்டித்தான் எழுதப்போகிறேன் என்றதும் இன்னும் பயந்துபோனார். பயப்படத்தான் வேண்டும். எனக்குக் கோபம் இருந்தது. மாமியார்மேல் இல்லை, அவரைச் சுற்றியிருந்த எங்கள் எல்லோர்மேலும்.

என் மாமியாரின் பெயர் செங்கம்மாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், சாமி கும்பிடுகிறவர்கள். படாளத்தில் எங்கள் மாமா சின்னையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமா வீடு தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடு. கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மறுநாள் தாலி ஏறியது. அதற்கு அடுத்த நாள் நடவுக்குப் போனார். அன்றிலிருந்து உட்கார்ந்ததில்லை.

நடவு, களையெடுப்பு, அறுப்பு, அப்புறம் நூறு நாள் வேலை. இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் இருக்கிற ஒரு காலேஜ் ஹாஸ்டலில் காய் நறுக்குகிறார். மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் எங்களுக்காக வெங்காயம் நறுக்குவார். ஜோயலைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அந்தக் கை. அவர் இப்போது கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வருகிற டெக்னீஷியன். மகள் சிநேகாவை நர்சிங் படிக்க வைத்ததும் அதே கைதான்.

அத்தைக்கு ஒரு வாசகம் உண்டு. பல்லைக் காட்ட டாக்டரிடம் போகலாமா என்றால், “அடுத்த தபா பாத்துக்கலாம்.” கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்கலாமா என்றால், “அடுத்த தபா பாத்துக்கலாம்.” ஒருமுறை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். எல்லோரும் ஹோவென்று கத்திக்கொண்டு கடலில் இறங்கினோம். அத்தை கரையில் எங்கள் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தார். வாங்க அத்தை என்று கூப்பிட்டேன். அதே வாசகம்தான் வந்தது. கடலோரத்தில் பிறந்தவர், கால் நனைக்காமல் திரும்பி வந்தார்.

இனி எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மாமா சபையின் கமிட்டி மெம்பர். அதைவிடப் பெரிய பதவி தமிழ்நாட்டில் கிடையாது என்பது அவர் எண்ணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, முதல் வரிசையில் இடம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நடக்கும். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க ஒவ்வொரு வரிசையாக எழுந்து பலிபீடத்துக்குப் போவார்கள். ஆண்களில் முதல் ஆள் எங்கள் மாமாதான். யாராவது முந்திவிட்டால் வீட்டுக்கு வந்தும் புலம்புவார்.

அத்தையின் இடம் கடைசியில், வாசல் ஓரத்தில் விரித்திருக்கும் பாய். பலிபீடத்துக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் தங்கள் கைக்குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒன்று மடியில், ஒன்று தோளில், ரெண்டு பாயில் தவழும். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. எப்போது ஆரம்பித்தது என்றும் யாருக்கும் தெரியாது. நான் மருமகளாக வந்தபிறகு என் பையனையும் அப்படித்தான் கொடுத்தேன். எல்லோரும் போய் வந்தபிறகு அத்தை கடைசியாகப் போவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் ஆடி மாதத்தில் அத்தை குழாயடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். படுத்துக்கொண்டே பூண்டு உரித்தார், அது வேறு விஷயம். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குப் போதகரே வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பது வழக்கம். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். சாம் ஐயர் சின்ன வயசுக்காரர், சபைக்குப் புதுசு. முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சின்னப் பெட்டியோடு வந்தார்.

மாமா காலையிலிருந்தே ஒரே ஆர்ப்பாட்டம். ஸ்டூலில் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஐயருக்குப் புது நாற்காலி. கல்யாணமாகிக் கல்பாக்கத்தில் இருக்கிற சிநேகாவும் வந்திருந்தாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஐயர் ஜெபம் சொல்லி, அப்பத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“எனக்கு வாணாங்க ஐயரே.”

“ஏம்மா?”

“நான் திடப்படுத்தல் எடுக்கலீங்க.”

ஐயர் அப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஞானஸ்நானம் மட்டும் வாங்கினால் போதாது. வகுப்புக்குப் போய், பிறகு பேராயர், அதாவது பிஷப், வரும்போது அவர் நம் தலையில் கை வைத்துத் திடப்படுத்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் திருவிருந்து எடுக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே எடுத்துவிடுவார்கள். பேராயர் எங்கள் சபைக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

“இன்னாடி ஒளர்ற?” என்றார் மாமா. “மாசா மாசம் எடுத்துகினு தானே கீற?”

“நான் எங்க எடுத்தேன்? நான்தான் பின்னாடி புள்ளைங்கள வச்சிகினு உக்காந்துகினு இருப்பேனே.”

“கடைசில போவ இல்ல?”

“போவல. நீங்க பாத்தீங்களா, நான் போனத?”

அத்தை குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். மாமா எப்படிப் பார்த்திருப்பார்? முதல் வரிசையில் உட்காருகிறவர் திரும்பினால்தானே தெரியும்.

ஐயர்தான் மெதுவாக ஏன் என்று கேட்டார். அத்தை ஏதோ மழை பெய்த கதை சொல்வதுபோல் சொன்னார். முதல் தடவை பேராயர் வந்த வாரம் ஜோயல் பிறந்தார். அடுத்த தடவை மாமாவின் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார், விட்டுவிட்டு வர ஆள் இல்லை. அதற்கு அடுத்து சிநேகாவுக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு ஒருமுறை வகுப்புக்குக்கூட ரெண்டு நாள் போனாராம்.

“அப்போ ஏன்மா எடுக்கல?” என்றாள் சிநேகா.

“அப்பதான் உங்கப்பா கமிட்டில சேந்தாரு. பிஷப் ஐயாவுக்கு நம்ம வூட்ல சாப்பாடு, நீதான் ஆக்கணும்னு சொல்ட்டாரு. அங்க ஆராதனை நடக்குது, இங்க நான் பிரியாணிக்கு தம் போட்டுகினு கீறேன்.” சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். “பிஷப் ஐயா நல்லா சாப்டாரு.”

கடைசியாக என் முறை. போன தடவை பேராயர் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தேன். என் கட்டில் பக்கத்தில், தரையில், ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தையைத் தடுத்தவர்கள் எல்லோரும் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஜோயல் ஜன்னலைப் பார்த்தார். சிநேகா கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள்.

“பொங்கலுக்கு அப்புறம் பிஷப் ஐயா வராரும்மா. கால் சரியானதும் வகுப்புக்கு வாங்க,” என்றார் ஐயர்.

“அடுத்த தபா பாத்துக்கலாங்க ஐயரே.”

ஐயர் போனதும் மாமா வெடித்தார். அவருக்கு வந்தது வருத்தம் இல்லை, மானப் பிரச்சினை. “கமிட்டி மெம்பர் பொண்டாட்டி இன்னும் திடப்படுத்தல் எடுக்கலன்னா ஊரே சிரிக்கும். இந்த வயசுல ஸ்கூல் பசங்களோட வரிசைல நிப்பியா? பேஜாரு. இருக்கறபடியே இருக்கட்டும், வுடு.”

எனக்கு நாக்கு நீளம். “ஊரு சிரிச்சா உங்களப் பாத்துதான் மாமா சிரிக்கும், அத்தையப் பாத்து இல்ல,” என்றேன். மாமா அதற்கப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டும் என்றால்கூட என் பையனிடம் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தையின் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டே கேட்டேன். “நெஜமா சொல்லுங்க அத்த. ஒங்களுக்கு ஆசையே இல்லியா?”

பலிபீடத்துத் துணிகளைத் துவைப்பது எங்கள் வீட்டு வேலை, அதாவது அத்தையின் வேலை. அதைத்தான் சொன்னார். “அந்தத் தொணில ரசம் எங்க சிந்தியிருக்கும், கற எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும் பிரிசில்லா. எலுமிச்ச போட்டு தேச்சி தேச்சி எடுப்பேன். அந்த ரசக் கிண்ணத்த ஒரு தபா கிட்டக்க பாக்கணும்னு இருக்கும். அவ்ளோதான்.”

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஐயரின் மனைவி ஐயரம்மாவுக்கு ஃபோன் போட்டு வகுப்பில் அத்தையின் பேரைச் சேர்க்கச் சொன்னேன். அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

கட்டுப் பிரித்ததும் சனிக்கிழமை தோறும் நானே வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பத்துக் கட்டளையையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். காய் நறுக்கும்போது, துணி அலசும்போது என்று எந்நேரமும் முணுமுணுப்புதான். மற்றதெல்லாம் வந்துவிட்டது. ஓய்வு நாளைப் பற்றிய கட்டளையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுவார். “ஓய்வுன்னு ஒண்ணு இருந்தா தானே அத்த வாயில வரும்,” என்று நான் கிண்டல் செய்தால், ஈரக் கையால் என் முதுகில் ஒன்று வைப்பார்.

அடுத்த சண்டை புடவைக்கு. திடப்படுத்தலுக்கு வெள்ளை உடுத்த வேண்டும். மதுராந்தகத்தில் நான் வேலை செய்கிற லேபுக்கு எதிரே இருக்கிற ஜவுளிக் கடையில் நல்ல வெள்ளைப் புடவை எடுத்து வந்தேன். அத்தை பதறிப்போனார். “வெள்ளயா? அவரு கல்லு மாதிரி உக்காந்துகினு கீறாரு, நான் வெள்ள கட்டுவேனா?” பிறந்த வீட்டு நினைப்பு அவ்வளவு சுலபமாகப் போகுமா? மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து, என்னோடு பேசாத விரதத்தை முறிக்காமல், பொதுவாகச் சொன்னார். “கட்டச் சொல்லு. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்.” அது சம்மதமா சலிப்பா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பேராயர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா மாலை, தோரணம், மைக் செட் என்று முன்னாடியே போய்விட்டார். அத்தை வெள்ளைப் புடவை கட்டி, கண்ணாடியில் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அப்போது ஃபோன் அடித்தது. சிநேகா.

“அம்மா, பாப்பாக்கு ஜொரம்மா. ராவெல்லாம் தூங்கல. ஆயா ஆயான்னு அழுவுது. அவருக்கு டியூட்டி. நீ வாயேன்.”

பதில் சொல்வதற்கு முன்பே அத்தை கூடையை எடுத்துவிட்டார். மாற்றுப் புடவை, கஷாயத்துக்கு மிளகு, துளசி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஃபோனைப் பிடுங்கினேன்.

“சிநேகா, நீ நர்ஸ் தானே? ஜொரத்துக்கு இன்னா பண்ணணும்னு உனக்குத் தெரியாதா? இன்னிக்கி இன்னா நாளுன்னாவது தெரியுமா?”

“ஐயோ, இன்னிக்கா!” என்றாள். மறந்துபோயிருக்கிறாள். அம்மா என்றால் ஒரு குரலுக்கு வருகிறவர் என்பது மட்டும்தான் அவளுக்கு மறக்கவில்லை. அவளைத் திட்டி என்ன பயன், எல்லோருமே அப்படித்தான் பழகியிருந்தோம்.

அத்தைக்கோ என்மேல் கோபம். “கொழந்த அழுவுது, இது பெருசா? நான் போனாதான் அது அடங்கும். அடுத்த தபா…”

“அடுத்த தபான்னா நீங்க இருப்பீங்களா?” என்று கத்திவிட்டேன். சொன்னபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டேன். அத்தை கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஃபோனில் சிநேகாவின் குரல் கேட்டது. “அம்மா, நீ கோயிலுக்குப் போ. நான் பாப்பாவ தூக்கிகினு ஆட்டோல வரேன். மருந்து குடுத்துட்டேன். நீ போம்மா.”

ஆராதனை ஆரம்பித்து நடந்துகொண்டிருந்தபோது சிநேகா வந்து சேர்ந்தாள். குழந்தை அத்தையைக் கண்டதும் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அனலாகக் கொதித்தது. அத்தை முன்வரிசையில் வெள்ளை உடுத்திய பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வேறெங்கே, வாசலோரப் பாய்க்குத்தான். காற்று வருமாம்.

ஐயர் திடப்படுத்தலுக்கு நிற்பவர்களைக் கூப்பிட்டார். பிள்ளைகள் எழுந்து வரிசையாக நின்றார்கள். அத்தையின் இடம் காலியாக இருந்தது. நான் எழுந்து ஓடிப்போய்க் குழந்தையை வாங்கப் பார்த்தேன். அது வீறிட்டுக் கத்தியது. சிநேகா வாங்கப் பார்த்தாள். இன்னும் கத்தியது. அத்தை எங்கள் கையைத் தட்டிவிட்டார்.

“வுடுங்க. பாவம், ஒடம்பு முடியாத கொழந்த. நான் இங்கயே இருக்கேன்.”

அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன முகம். எனக்கு அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

குழந்தை கத்திய கத்தலில் முதல் வரிசையிலிருந்து மாமா திரும்பினார். அவர் கோயிலில் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. காலி இடத்தைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பேராயர் காத்திருக்கிறார், சபை முழுவதும் காத்திருக்கிறது. மாமா எழுந்து, நடுவழியே நடந்து, பெண்கள் பக்கம் தாண்டி வாசலுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து நான் தயாராக நின்றேன்.

அவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

“குடு இங்க.”

“ஜொரம் அடிக்குதுங்க. தண்ணி கேக்கும்.”

“தண்ணி நான் குடுக்கறேன். நீ போ.”

குழந்தையைப் பிரித்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது கையையும் காலையும் உதைத்தது. அத்தை எழுந்து முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். கால் இன்னும் லேசாக நொண்டும். பாதி தூரம் போனதும் குழந்தை “ஆயா” என்று அலறியது. அத்தை நின்றார். அவருடைய முதுகு திரும்பப் போவது எனக்குத் தெரிந்தது.

“திரும்பாத செங்கா! போ!”

மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்டது. பேராயருக்கும் கேட்டது, அவர் சிரித்துவிட்டார். அத்தை போய் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். பேராயரின் கை அத்தையின் தலைமேல் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததில் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

திருவிருந்து ஆரம்பித்தது. இங்கேதான் வேடிக்கை. பெண்கள் வழக்கப்படி குழந்தையோடு வாசலோரப் பாய்க்கு வந்தார்கள். அங்கே கமிட்டி மெம்பர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மாமா கையை நீட்டினார். ஒருத்தி கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. நானும் என் பையனைக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பிப் பார்த்தபோது தோளில் சிநேகாவின் மகள், மடியில் ஒன்று, பேனாவைப் பிடுங்க ஒன்று, வாசலை நோக்கித் தவழ்வதை இழுத்துப் பிடிக்க அவருக்குக் கை போதவில்லை.

பலிபீடத்தில் நான் அத்தைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அத்தை ரெண்டு கையையும் குவித்து நீட்டினார். கத்தி கீறிய கோடுகள் நிறைந்த கை. அப்பத்தை வாங்கிக்கொண்டார். கிண்ணம் வந்தபோது உடனே குடிக்கவில்லை. உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குடித்தார். ஒரு சொட்டுகூடத் துணியில் சிந்தவில்லை.

திரும்பி வந்ததும் நேரே பாய்க்குப் போய் மாமாவின் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அது தூங்கிவிட்டிருந்தது. மாமாவின் சட்டை முழுக்க எச்சிலும் மூக்குச்சளியும். “நீங்க போங்க,” என்றார் அத்தை. எல்லோரும் போய் வந்துவிட்டிருந்தார்கள். எப்போதும் முதல் ஆளாகப் போகிற மாமா அன்றைக்குக் கடைசி ஆளாக, தனியாக நடந்து போனார். ஐயர் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

வாங்கிக்கொண்டு திரும்பியவர் தன் முதல் வரிசை நாற்காலியைத் தாண்டி வந்து, மறுபடியும் பாயிலேயே உட்கார்ந்தார்.

“முன்னாடி போயி உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க,” என்று அத்தை கிசுகிசுத்தார்.

“பாக்கட்டும்,” என்றார் மாமா. “நான்தான் இத்தினி வருசமா பாக்காம வுட்டுட்டேன்.”

அத்தை, தூங்குகிற குழந்தையை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து அவருக்குப் பாயில் இடம் விட்டார்.